நாகஜோதி கட்டிய முடிச்சுகள்

ஓர் இலைகூட அசையாத வைகாசி மத்தியானம் ஒன்றில், தென்னலூர்க் குளத்துக்கரை உடைமரங்களில் வருஷக்கணக்காக மாட்டிக்கொண்டு கிடந்த பிளாஸ்டிக் கவர்கள் எல்லாம் மூச்சு விடத் தொடங்கின. சாம்பார் வாங்கிய கவரும் மீன் வாங்கிய கவரும், வெள்ளைக் கவரும் கறுப்புக் கவரும், முள்ளில் தொங்கியபடியே மெல்ல உப்பின, மெல்லச் சுருங்கின, மறுபடி உப்பின. அந்த வழியாகப் போனவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள், பஸ் வந்ததும் ஏறிப் போனார்கள். குளத்தில் தண்ணீர் வந்தால் குளித்துக்கொள்வதும் வற்றினால் கிரிக்கெட் ஆடுவதுமாக இருந்த ஊர் அது. இதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. முடிச்சுப் போட்ட கவர் மட்டும்தான் மூச்சு விடுகிறது, முடிச்சில்லாததும் மிஷினில் ஒட்டி வந்த பாக்கெட்டும் சும்மா கிடக்கிறது என்று சாயங்காலத்துக்குள் யாரோ கண்டுபிடித்துச் சொன்னார்கள். சரி என்று கேட்டுக்கொண்டு எல்லாரும் உலை வைக்கப் போனார்கள்.

பயம் மறுநாள்தான் வந்தது.

பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்த கனிராஜ், கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்குக் கொதிக்கக் கொதிக்க டீயைக் கவரில் ஊற்றி, வாயை முறுக்கி முடிச்சுப் போட்டுக் கொடுப்பவர். மத்தியானம் ஆள் குறைந்ததும் கடையைச் சுற்றிக் கிடக்கிற கவர்களைக் கூட்டி அள்ளிக் கடைக்குப் பின்னால் வைத்துக் கொளுத்துவார். பத்து வருஷமாக அப்படித்தான். அன்றைக்கும் கொளுத்தினார். குவியல் கால்வாசி எரிவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாயிலிருந்து புகை வந்தது. பீடிப் புகை இல்லை, பிளாஸ்டிக் எரிகிற கறுத்த புகை. ஓடிவந்தவர்கள் அவர் முகத்தில் தண்ணீர் அடித்தார்கள், முதுகைத் தட்டினார்கள், ஆட்டோவைக் கூப்பிட்டார்கள். கடைக்கு மாவு கொடுக்க வந்திருந்த செண்பகவடிவு மட்டும் அவரைப் பார்த்தாள், குவியலைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். பிறகு பாத்திரம் கழுவ வைத்திருந்த தண்ணீர் வாளியைத் தூக்கித் தீயின் மேல் ஊற்றினாள்.

தீ அணைந்ததும் புகை நின்றது. கனிராஜ் பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்கப்புறம் அவரிடமிருந்து குரல் வரவில்லை, காற்று மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. அந்தச் சத்தத்தில் அவர் சொன்ன முதல் விஷயம், எரிந்த கவரெல்லாம் நான் கட்டியது என்பதுதான்.

வடிவு ஏன் வீட்டுக்கு ஓடினாள் என்று அங்கே நின்றவர்களுக்கு உடனே புரியவில்லை. அவள் மாவு அரைத்து விற்பவள். புருஷன் கைலாசம் லாரியில் போனால் பத்து நாளைக்கு ஒரு முறைதான் வருவான். தென்னலூரில் முக்கால்வாசி வீட்டு இட்லி அவள் கிரைண்டரிலிருந்துதான் வெந்தது. அரைப்பதும் அளந்து ஊற்றுவதும் அவள்தான். கட்டுவது மட்டும் அவள் இல்லை. அவளுக்கு விரலில் சேற்றுப்புண், முடிச்சுப் போட விரல் பிடிக்காது. மகள் நாகஜோதி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கிரைண்டர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கவரின் வாயை இரண்டு முறுக்கு முறுக்கி, ஒரு சுருக்குப் போட்டு, இரண்டு காதையும் பிடித்து இழுப்பாள். தினமும் நாற்பது கவர், மூன்று வருஷமாக. மாவு சிந்தினால் ஆள் வராது, இறுக்கிக் கட்டு, இன்னும் இறுக்கிக் கட்டு என்று வடிவு சொல்லிக்கொண்டே இருப்பாள். மாவுக் கவரை யாரும் முடிச்சவிழ்த்துத் திறப்பதில்லை. மூலையைக் கத்தரித்து மாவைப் பிதுக்கிக்கொள்வார்கள், முடிச்சு முடிச்சாகவே குப்பைக்குப் போகும்.

மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வடிவு குளத்துக்கரைக்குப் போனாள். பன்னிரண்டு வயசுப் பிள்ளை, எதற்கு என்று கேட்டுக்கொண்டே வந்தது. கரையில் நிறுத்தி, எதிர் முனை வரைக்கும் ஓடு என்றாள் வடிவு. நாகஜோதி ஓடினாள். அவள் ஓட ஓட, கரையிலிருந்த மரங்களில் பாதிக்கு மேல், உச்சாணி முதல் தூர் வரை தொங்கிய வெள்ளைக் கவர்கள் எல்லாம் இரைக்க ஆரம்பித்தன. ஓடிக் களைத்து அவள் இடுப்பில் கைவைத்து நின்றபோது அவையும் புஸ் புஸ் என்று வாங்கி வாங்கி, மெதுவாக அடங்கின. ஒரு பிள்ளையின் நெஞ்சை ஆயிரம் துண்டாக்கி முள்ளில் மாட்டி வைத்தது மாதிரி இருந்தது. வடிவு கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நாகஜோதி திரும்பி வந்து மரத்தைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள்.

"எம்மா, இது பூராம் நானா?"

வடிவு எழுந்து, கைக்கு எட்டிய முதல் கவரைப் பிடித்து, முள் கிழித்ததைக்கூடப் பார்க்காமல் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து உள்ளங்கை அளவு வெதுவெதுப்பு வெளியே வந்து, பிள்ளையின் பக்கமாகப் போனது. கவர் தளர்ந்து வெறும் கவராகத் தொங்கியது. நாகஜோதி அதற்கு முன் அவள் வாழ்நாளில் விட்டிராத அளவுக்கு ஒரு பெருமூச்சு விட்டாள்.

அன்றிலிருந்து தென்னலூருக்கு வேறு வேலை இல்லாமல் போனது. கல்யாண வீட்டுக்குப் பூக்கட்டுகிறவர்களைப் போல வாசலுக்கு வாசல் வட்டமாக உட்கார்ந்து ஆட்கள் முடிச்சவிழ்த்தார்கள், பரணிலிருந்து எடுத்து அவிழ்த்தார்கள், கட்டிலடியிலிருந்து இழுத்து அவிழ்த்தார்கள், சாக்கடையில் கம்பு விட்டுத் துழாவி எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு அவிழ்த்தார்கள். இது யார் முடிச்சு, இது பலசரக்குக் கடைக்காரர் முடிச்சு, இது கறிக்கடை முடிச்சு, இது செத்துப்போன பூக்காரம்மா முடிச்சு, மூச்சில்லை பார் என்று கைமாற்றிக்கொண்டார்கள். மாவுக் கவர் கிடைத்தால் ஓடிவந்து வடிவு வீட்டில் கொடுத்தார்கள். பஸ் டயரில் ஒரு கவர் நசுங்கினால் ஊருக்குள் எங்கேயோ ஒரு ஆள் விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்தார், அதனால் டிரைவர்கள் ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தி, இறங்கி, ரோட்டைப் பெருக்கிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். குப்பையில் தீ வைப்பது அன்றோடு நின்றது. மனிதர்கள் மெதுவாகப் பேசினார்கள், மெதுவாக நடந்தார்கள், காற்று பலமாக அடிக்கிற நாளில் பிள்ளைகளை வெளியே விடவில்லை.

புதிதாக ஒரு கவரை வாங்க யாருக்கும் கை நீளவில்லை. முதல் வாரத்தில் கடைக்காரர்கள் முடிச்சுப் போடாமல் கொடுத்துப் பார்த்தார்கள். கவரைக் கண்டதுமே வாங்க வந்தவர்கள் ஓரடி பின்னால் போனார்கள். அதற்கப்புறம் பரணில் கவிழ்த்து வைத்திருந்த தூக்குவாளியும் சம்படமும் எவர்சில்வர் டப்பாவும் இறங்கின. மீனுக்கு ஈயச்சட்டி, கறிக்குத் தாமரை இலை, சாம்பாருக்கு மூடி போட்ட தூக்கு, காய்கறிக்குப் பழைய சேலையில் தைத்த பை. மாவுக்கும் அவரவர் பாத்திரம். ஒழுங்கான ஊர் என்று இதைப் பார்த்த வெளியூர் அதிகாரி ஒருவர் பாராட்டிவிட்டுப் போனார். தென்னலூர்க்காரர்கள் தலையாட்டினார்களே தவிர ஒன்றும் சொல்லவில்லை. பயத்துக்கு மாலை போட்டால் என்ன சொல்வது.

மரியரத்தினம் மட்டும் ஒரு கவரை அவிழ்க்கவில்லை. அவள் மகன் சவூதிக்குப் போகிற அன்று, தின்றது போக மிச்சமிருந்த பிஸ்கட்டைக் கவரில் போட்டு முடிச்சிட்டு வைத்துவிட்டுப் போயிருந்தான். அதை அடுப்படி ஆணியில் மாட்டி வைத்தாள். மெதுவாக அசைந்தால் மகன் தூங்குகிறான், வேகமாக அசைந்தால் வெயிலில் சுமக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்து, நல்லா இருக்கான் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அது உப்பியபடியே நின்றது. அப்புறம் சுருங்கியது, மறுபடி உப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் போன் வந்தது. அதற்குள் மரியரத்தினம் அழுது முடித்திருந்தாள்.

இதற்குப் பிறகு வடிவு மகளை விட்டு நகரவில்லை. ஆடி பிறக்கும்போது ஊரில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒரு மாவுக் கவரும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எத்தனை என்று யாருக்கும் தெரியாது. ஆற்றோடு போனது கடலுக்குப் போயிருக்கும். சில நாள் நாகஜோதி சோறு தின்னும்போது நிறுத்தி, வாயெல்லாம் உப்புக் கரிக்குது என்பாள். அதற்கு வடிவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் வேறொன்று தொடங்கியது. மத்தியானம் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பிள்ளைக்கு இழுக்க ஆரம்பிக்கும். ஆஸ்பத்திரியில் மூக்கில் புகை வைத்தார்கள், ஊசி போட்டார்கள். சளி இல்லை, ஆஸ்துமாவும் இல்லை, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார்கள். ஆனால் தினமும் அதே நேரத்தில், யாரோ உள்ளே கைவிட்டுக் கசக்கிப் பிழிவது மாதிரி, விட்டு விட்டு, தாளம் பிசகாமல் இழுத்தது.

அந்தத் தாளத்தை வடிவு எங்கேயோ பார்த்திருந்தாள். நான்காம் நாள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தபோது தெரிந்தது. எதிர்ப்புறம் வேப்பமரத்தடியில் பொன்னுலிங்கத்தின் செவலைப் பசு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. மாட்டின் தாடை ஒரு பக்கம் போனால் பிள்ளையின் நெஞ்சு அடைத்தது, மறுபக்கம் வந்தால் விட்டது.

பசு இளைத்து, வயிறு மட்டும் பானை மாதிரி வீங்கியிருந்தது. ஒரு வாரமாகச் சரியாகத் தின்னவில்லை, சாணி போடவில்லை. இன்னும் இரண்டொரு நாளில் விழுந்துவிடும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். விழுந்தால் புதைக்க வேண்டும். புதைத்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் சொல்லவில்லை. வடிவும் கேட்கவில்லை.

அவள் பொன்னுலிங்கத்தின் தொழுவத்துக்குப் போனாள். அறுபது வயசு மனிதர், தனிக்கட்டை, செவலையும் அதன் கன்றும்தான் அவருக்கு. வாளியில் பால் கொண்டுபோய் உழக்கில் அளந்து அவரவர் சொம்பில் ஊற்றுகிறவர். அவள் சொன்னதை எல்லாம் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டார். மாட்டாஸ்பத்திரியில் வயிற்றைக் கீறி, அது தின்ற கவர்களை எடுக்கலாமாம், டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன், ஆனால் மாடு இருக்கிற இருப்பில் பிழைப்பது பாதிக்குப் பாதிதான் என்றும் அவர் சொல்லிவிட்டார் என்று வடிவு மறைக்காமல் சொன்னாள்.

பொன்னுலிங்கம் மாட்டின் வீங்கிய வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"நான் பொறந்ததுல இருந்து ஒரு கவர்ல முடிச்சுப் போட்டதில்ல வடிவு," என்றார் பிறகு. "எம் மாட்டு வயித்துல எதுக்கு ஊர் மூச்சு கெடக்கு?"

"நாந்தான் அண்ணாச்சி. நான் கட்டச் சொன்னேன், அவ கட்டுனா."

"மூலையை வெட்டிப் பெதுக்கிட்டு வாசல்ல வீசுனது யாரு?"

"ஊர்க்காரவதான். எல்லாரும்தான்."

அவர் கயிற்றை அவிழ்த்தார். கன்று கத்தியது. அதைத் திரும்பிப் பார்க்காமல் செவலையை ரோட்டுக்கு நடத்திக்கொண்டு வந்தார். ஊர் அவருக்குப் பின்னால் நடந்தது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் ரஹ்மத் நிஷா வெளியூர்க்காரர், மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மாட்டுக்கு எதற்கு இவ்வளவு கூட்டம் என்று அவர் கேட்கவில்லை. கம்பிச் சட்டத்துக்குள் செவலையை நிறுத்தி, இடது விலாவில் மயிரை மழித்து, மரத்துப்போக ஊசி போட்டுக் கீறினார். மாடு நின்றபடியே இருந்தது. பொன்னுலிங்கம் அதன் முகத்தைத் தன் நெஞ்சோடு அணைத்துக் கண்ணை மூடியிருந்தார். டாக்டர் தோள்வரை உறை மாட்டிய கையை உள்ளே விட்டு இழுக்க, கவர் கவராக வந்தது. கயிறு திரித்தது போல, ஒன்றோடொன்று பின்னி, கறுத்தும் பச்சையாகவும், புளித்த நாற்றத்தோடு. வாளி நிறைந்தது, அடுத்த வாளி நிறைந்தது. பெண்கள் வாங்கி வாங்கிக் கழுவினார்கள், கழுவக் கழுவ அவிழ்த்தார்கள். கூட்டத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக நெஞ்சைத் தொட்டுக்கொண்டு மூச்சை இழுத்தார்கள். கனிராஜ் ஒரு முறை, கறிக்கடைக்காரர் ஒரு முறை.

வராந்தா பெஞ்சில் படுத்திருந்த நாகஜோதிக்கு முதலில் நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு முடிச்சுக்கும் முகம் தெளிந்தது. கடைசியில் டாக்டர் தேங்காய் அளவில் ஒரு உருண்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து வெளியே போட்டார். இத்தனை நாள் கசங்கி இறுகிக் கல்லாகியிருந்த உருண்டை. அது தரையில் விழுந்த நொடியில் பிள்ளையின் நெஞ்சு நின்றது. உதடு நீலமானது. பக்கத்தில் இருந்தவர்கள் உலுக்கினார்கள், அசையவில்லை.

வடிவு உருண்டையைப் பிய்த்தாள். நகம் பெயர்ந்தது. நடுவில் ஒரே ஒரு கவர், இரண்டு முறுக்கு, ஒரு சுருக்கு, இறுக்கிக் கட்டியது. விரல் பிடிக்கவில்லை. மாட்டு வயிற்றுச் சாற்றோடு அதை வாயில் வைத்துப் பல்லால் கடித்து இழுத்தாள். முடிச்சு அவிழ்ந்தது. ஆனால் உள்ளேயிருந்து ஒன்றும் வரவில்லை. அவ்வளவு நாள் நசுங்கியதில் உள்ளே ஒரு துளி காற்றும் மிச்சமில்லை. வெறும் கவர். வடிவு அதைப் பிரித்து, வாயோடு சேர்த்துப் பிடித்து, தன் மூச்சை எல்லாம் அதற்குள் ஊதினாள். கண் இருண்டு, காது அடைத்து, இனி ஊத ஒன்றுமில்லை என்கிற வரைக்கும் ஊதினாள். பிறகு மகளின் முகத்துக்கு நேராகப் பிடித்துக் கையை விட்டாள்.

நாகஜோதியின் நெஞ்சு ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

செவலை பன்னிரண்டு நாள் உயிரோடு இருந்தது. காயம் உள்ளே சீழ் வைத்துவிட்டது, டாக்டரம்மா தினமும் வந்தும் முடியவில்லை. குளத்துக்கு மேற்கே புதைத்தார்கள். வடிவும் போய் நின்றாள். பொன்னுலிங்கம் அவள் இருக்கிற பக்கம் திரும்பவில்லை. பிறகு வேறொரு மாடு வாங்கியும் அவர் வடிவின் தெருவுக்குப் பால் ஊற்றவே வரவில்லை. அவளும் வரச்சொல்லிக் கேட்கவில்லை.

அன்றைக்கு ஊதியதிலிருந்து தாய்க்கும் மகளுக்கும் மூச்சு ஒன்றாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளை ஓட்டப்பந்தயம் ஓடினால் கிரைண்டர் முன்னால் வடிவுக்கு இரைத்தது. வடிவு அரிசி மூட்டையைத் தூக்கினால் வகுப்பில் உட்கார்ந்திருந்த நாகஜோதி பேனாவைக் கீழே வைத்தாள். கைலாசம் முதலில் கொஞ்சம் பயந்தான், பிறகு பழகிக்கொண்டான். ஆறு வருஷம் அப்படிப் போனது. நர்சிங் படிக்க நாகஜோதிக்குப் பெரிய நகரத்தில் இடம் கிடைத்தது. துணிப்பை, தூக்கு, எவர்சில்வர் டம்ளர் எல்லாம் கொடுத்து வடிவு அவளைப் பஸ் ஏற்றிவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணி. வடிவு உளுந்து களைந்துகொண்டிருந்தாள். திடீரென்று மூச்சு வேகம் பிடித்தது. ஓடுகிற மூச்சு இல்லை அது. பயந்த மூச்சு. ஈரக்கையோடு போனை எடுத்தாள்.

"ஏட்டி, என்ன ஓடுத?"

"ஓடலம்மா. காலேஜுக்குப் பின்னால நிக்கேன்." பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. "இங்க ஒரு குப்பைமேடு இருக்கு. மலை மாதிரி இருக்கு. இந்த முனையில நின்னா அந்த முனை தெரியல."

"சரி."

"அது ஏறி எறங்குதும்மா. மெதுவா."

வடிவு சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அங்கே ஆட்கள் பார்க்கிறார்களா என்று கேட்டாள். யாரும் பார்க்கவில்லை, பஸ் போகிறது வருகிறது, ஓரத்தில் ஒருவர் தீ வைத்துக்கொண்டிருக்கிறார், ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் இருமிக்கொண்டே போகிறார்கள் என்றாள் மகள்.

"கைக்கு எட்டுற மாதிரி ஒண்ணு இருக்கா?"

"வேலிக் கம்பியில ஒண்ணு மாட்டிக் கெடக்கு. சின்னக் கவரு. படபடன்னு அடிக்கி, சின்னப் பிள்ளைது போல."

"அதை எடு. நகத்தால மெதுவா அவுரு."

"யாருதுன்னே தெரியாதம்மா."

"தெரியாண்டாம். அவுரு."

போனில் நகம் பிளாஸ்டிக்கைக் கீறுகிற சத்தம் கேட்டது. வடிவு மடியில் கையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். முடிச்சு விடுபட்டதை மகள் சொல்வதற்கு முன்னால் அவள் நெஞ்சே சொன்னது. நாகஜோதி அடுத்ததை எடுக்கக் கையை நீட்டினாள். இரண்டு பேருக்கும் மூச்சு வேகமாகவே இருந்தது.